பக்கத்து வீட்டு பெயின்ட் உங்க கார் மேல படிஞ்சிடுச்சா? தின்னரைத் தொடும் முன் இதைப் படிங்க!

பக்கத்து வீட்டு கேட்டுக்கு கம்ப்ரசர் வைத்து ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறார்கள். மாலையில் வந்து தெருவில் நிற்கும் காரைத் தொட்டால் பானெட் முழுக்க உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது, பொடிப் பொடியாக பெயின்ட் துளிகள். பெயின்டரிடம் கேட்டால் பெரும்பாலும் வருவது ஒரே பதில்தான்: "கொஞ்சம் தின்னர் போட்டுத் துடைச்சா போயிடும் சார்."

போகும். கூடவே காரின் பளபளப்பும் சேர்ந்து போகலாம்.

தின்னர் போட்டால் என்ன ஆகும்?

இப்போது வரும் பெரும்பாலான கார்களில் நிறத்துக்கு மேலே, நிறமே இல்லாத இன்னொரு படலம் இருக்கிறது. அதுதான் கிளியர் கோட். பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிர்களிடமிருந்து நிறத்தைக் காப்பதும் இதன் வேலை. கம்பெனியிலிருந்து வரும் காரில் பிரைமர், கலர், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 130 மைக்ரான்தான் இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான். நம் தலைமுடியின் பருமனே சுமார் 70 மைக்ரான் என்றால், இது எவ்வளவு மெல்லிசு என்று யோசித்துக் கொள்ளலாம். ஒரு தடவை தேய்ந்துவிட்டால் அது திரும்ப வராது, மறுபடி பெயின்ட் அடிப்பதுதான் வழி. அப்படி மறு பெயின்ட் அடித்த காரை விற்கப் போனால், பெயின்ட்டின் தடிமனை அளக்கும் சின்ன மீட்டரை வைத்தே "ஏதோ அடிபட்ட வண்டி" என்று விலையைக் குறைத்துப் பேசுவார்கள்.

"நானும் தின்னர் போட்டேன், ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் பொய் இல்லை. கம்பெனி பெயின்ட் 140 டிகிரி செல்சியஸ் அளவிலான சூட்டில் வேக வைத்து இறுக்கப்பட்டது. சில நொடி தின்னரை அது தாங்கிவிடும். ஆனால், எப்போதோ உரசல் பட்டு டிங்கரிங் பார்த்து, பட்டறையில் டச்-அப் செய்த கதவு இருந்தால் கதை வேறு. அந்த பெயின்ட் அவ்வளவு சூட்டில் இறுகியது இல்லை. அதிலும் மலிவான என்.சி. பெயின்ட் என்றால் துணியோடு சேர்ந்து நிறமும் வந்துவிடும். பழைய கார் வாங்கியவர்களுக்கு எந்தக் கதவு டச்-அப் செய்தது என்பதே தெரிந்திருக்காது. அதனால்தான் தின்னர் ஒரு சூதாட்டம்.

ஆறுதலான விஷயம் ஒன்று

ஸ்ப்ரே துப்பாக்கியிலிருந்து கிளம்பும் துளிகள் காரை வந்து சேர்வதற்குள் காற்றிலேயே பாதி காய்ந்துவிடுகின்றன. அதனால் அவை கார் பெயின்ட்டோடு கலப்பதில்லை, மேலே ஒட்டிக்கொண்டு மட்டும் நிற்கின்றன. கரைக்க வேண்டிய அவசியமே இல்லை, பெயர்த்து எடுத்தாலே போதும்.

எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்பது பெயின்ட்டைப் பொறுத்தது. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் தண்ணீரில் கலப்பது, சீக்கிரம் காய்வது, அதனால் சுலபமாக வரும். கேட், கிரில்லுக்கு அடிக்கும் எனாமல் எண்ணெய் வகை. மெதுவாகக் காயும் என்பதால் ஈரத்தோடு வந்து உட்கார்ந்து பிடிவாதமாக ஒட்டும். ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யு., எபாக்ஸி வகைகள் இறுகிவிட்டால் எதிலும் கரையாது. ஆகவே முதல் வேலை, பெயின்டரோடு சண்டை போடுவது அல்ல. அவர் கையில் இருக்கும் டப்பாவின் லேபிளை ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது. அது பின்னால் இன்னொரு விதத்திலும் உதவும்.

சில மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டால்

எமல்ஷன் என்றால் உடனே தண்ணீரை நன்றாகப் பீய்ச்சி, கார் ஷாம்பூ போட்டுக் கழுவினாலே பெரும்பகுதி போய்விடும். கொஞ்சம் காய்ந்திருந்தால், ஷாம்பூ தண்ணீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் 10 நிமிடம் போர்த்தி வைத்துவிட்டுக் கழுவலாம். எக்காரணம் கொண்டும் உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது. குறிப்பாகப் பட்டறைகளில் கிடக்கும் பனியன் வேஸ்ட். தெரு மண்ணும் பெயின்ட் துகளும் சேர்ந்து வட்ட வட்டமாகக் கீறல் போட்டுவிடும். சுண்ணாம்பு, வெள்ளை சிமென்ட் தெறித்திருந்தால் இன்னும் அவசரம். அவற்றின் காரத்தன்மை கிளியர் கோட்டையே அரித்துக் கறையாக்கிவிடும்.

காய்ந்து போனதா? களிமண்தான் கைகொடுக்கும்

பெயர்தான் களிமண், உண்மையில் இது செயற்கைப் பசை போன்ற ஒரு பொருள். 'கிளே பார்' என்று கார் உதிரிப் பொருள் கடைகளிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஜப்பானில் உருவான இந்தப் பொருள் முதலில் பயன்பட்டதே பெயின்ட் பட்டறைகளில் பக்கத்து வண்டி மேல் பறந்த பெயின்ட்டை எடுக்கத்தான். ஃபைன், மீடியம் என்று தரங்கள் உண்டு. முதலில் ஃபைன் போதும்.

வண்டியை நிழலில் நிறுத்த வேண்டும். வெயிலில் நின்ற பானெட் கொதிக்கும், போடும் ஷாம்பூ தண்ணீர் நொடியில் காய்ந்துவிடும். அதனால் காலை நேரமே நல்லது. முதலில் நன்றாகக் கழுவி மண், தூசி எல்லாம் போக வேண்டும். பிறகு களிமண்ணில் பாதியைக் கிள்ளி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, சப்பாத்தி மாவு மாதிரிப் பிசைந்து, மூன்று விரல் அகலத்துக்குத் தட்டையாக்கிக்கொள்ளவும். இரண்டடிக்கு இரண்டடி இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஷாம்பூ கலந்த தண்ணீரைத் தாராளமாக ஸ்ப்ரே செய்து, நேர்கோட்டில் முன்னும் பின்னும் மெதுவாக ஓட்ட வேண்டும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது, அழுத்தவும் கூடாது. ஆரம்பத்தில் 'சரசர' என்று சத்தமும் பிடிப்பும் இருக்கும். துகள்கள் வர வர சத்தம் அடங்கி வழுக்க ஆரம்பிக்கும். அங்கே நிறுத்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம்.

களிமண்ணைப் புரட்டிப் பார்த்தால் எடுத்த பெயின்ட் புள்ளிகள் தெரியும். அந்தப் பக்கத்தை உள்ளே மடித்து, புதிய பக்கத்தை வெளியே கொண்டுவந்து தொடர வேண்டும். கை தவறித் தரையில் விழுந்துவிட்டால் காசு பார்க்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒட்டிய ஒரு மணல் போதும், பானெட் முழுக்கக் கோடு விழ. எல்லாத் துகளும் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சுலப வழி: மெல்லிய பாலித்தீன் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு தடவினால், வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பும் தெரியும்.

வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து வேக்ஸ் போடுவது கட்டாயம். களிமண் பழைய வேக்ஸையும் சேர்த்து எடுத்திருக்கும். கறுப்பு போன்ற அடர் நிறக் கார்களில் லேசான மங்கல் தெரியலாம். மென்மையான பாலிஷ் அதைச் சரி செய்துவிடும். செராமிக் கோட்டிங்கோ பாதுகாப்பு ஃபிலிமோ போட்ட வண்டி என்றால் களிமண்ணே வேண்டாம். கோட்டிங் போட்ட இடத்தில் முதலில் கேளுங்கள்.

களிமண்ணுக்கும் அசையாத எனாமல் புள்ளிகளுக்கு மினரல் டர்பன்டைன் அல்லது தார் நீக்கும் திரவம் உதவலாம். அதையும் கதவின் உள்விளிம்பு போல வெளியே தெரியாத இடத்தில் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். மைக்ரோஃபைபர் துணியில் தொட்டு, சில நொடிகள் மட்டும் ஒற்றி எடுத்து, உடனே ஷாம்பூ போட்டுக் கழுவ வேண்டும். துணியில் கார் கலர் ஒட்டினால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். இதற்கும் வரவில்லை என்றால் டீடெய்லிங் கடைக்குப் போவதே நல்லது. ரப்பிங் கம்பவுண்ட் போட்டுக் கையால் தேய்ப்பதும் கிளியர் கோட்டைச் சீவி எடுப்பதும் ஒன்றுதான். அதை மிஷினில், தடிமனை அளந்து பார்த்துச் செய்யத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடலாம்.

கண்ணாடி, ஹெட்லைட், ரப்பர்?

கண்ணாடிதான் இருப்பதிலேயே சுலபம். நன்றாக நனைத்து, புதிய பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் வந்துவிடும். ஹெட்லைட் அப்படி இல்லை, அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். தின்னர் பட்டால் உள்ளுக்குள் விரிசல் ஓடி நிரந்தரமாக வெளுத்துவிடும். அங்கே களிமண் மட்டும்தான். கறுப்பு பிளாஸ்டிக் பம்பர் ஓரங்களில் துகள்கள் சொரசொரப்புக்குள் போய் உட்கார்ந்துவிடுவதால் களிமண் பலிக்காது. மென்மையான பிரஷும் ஷாம்பூவும் வைத்துப் பொறுமையாகத்தான் எடுக்க வேண்டும்.

செலவு யார் தலையில்?

பெயின்ட் அடிக்கச் சொன்னவரிடமும் கான்ட்ராக்டரிடமும் பேசிப் பார்ப்பதே முதல் வழி. அதற்குக் கார் நின்ற இடம், பெயின்ட் அடித்த இடம் இரண்டும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ வேண்டும். முன்பு எடுத்த டப்பா போட்டோவும் இங்கேதான் கைகொடுக்கும். கழுவிய பிறகு பேசினால் காட்ட எதுவும் இருக்காது.

இன்சூரன்ஸில் பார்த்துக்கலாம் என்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் சொந்தக் காரின் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முழு பாலிசி இருந்தாலும் கட்டாயப் பிடித்தமாக 1500 சிசி வரையிலான கார்களுக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேல் 2,000 ரூபாயும் நாம்தான் கட்ட வேண்டும். பெரிய அடி அடுத்த ஆண்டு பிரீமியத்தில் விழும். கிளெய்ம் செய்யாமல் இருந்தால் கிடைக்கும் தள்ளுபடி முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை போகும். ஒரே ஒரு கிளெய்ம் போட்டாலும், அதற்கான தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தால் ஒழிய, அது பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். சொந்த சேதத்துக்கான பிரீமியம் 10,000 ரூபாய், தள்ளுபடி 50 சதவீதம் என்றால் அடுத்த ஆண்டு மட்டும் 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். நாலு பேனலுக்கும் மறு பெயின்ட் என்ற நிலை வந்தால் கிளெய்ம் போடலாம். பானெட்டில் மட்டும் படிந்த எமல்ஷனுக்கு ஒரு கிளே பாரும் அரை நாள் ஞாயிற்றுக்கிழமையும் போதும்.