கார் கழுவும் இயந்திரம் வாங்கும் வணிகர் கவனத்திற்கு

நம் உறுப்பினர்கள் பலர் இப்போது பிள்ளைகளுக்காகப் புதிய தொழில்களில் முதல் போட்டு வருகிறார்கள். நெடுஞ்சாலை ஓரம் சொந்த மனை உள்ளவர்கள், பெட்ரோல் பங்க் நடத்துபவர்கள், குடோன் காலியாகக் கிடப்பவர்கள் ஆகியோர் மனத்தில் தோன்றும் தொழில்களில் ஒன்று தானியங்கி கார் கழுவும் நிலையம். கார்கள் பெருகிவிட்டன, கையால் கழுவ ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. தொழில் நல்ல தொழில்தான். இயந்திரத்தைச் செய்த கம்பெனி, விற்ற பிறகு நமக்கு என்னென்ன துணை தர வேண்டும், அதை எப்படி முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்வது என்பதையே இங்கே விளக்க விரும்புகிறோம்.

மொத்த வியாபாரத்தில் நமக்குப் பழகிய வழக்கம் வேறு. பருப்பு மூட்டையைத் தரம் பார்த்து, எடை போட்டு, லாரியில் ஏற்றிவிட்டால், விற்றவருக்கும் அந்தச் சரக்குக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் முடிந்துவிடும். பணம் வர வேண்டியதுதான் பாக்கி. இயந்திரம் அப்படியல்ல. அது வந்து இறங்கிய அன்றுதான் விற்றவருடன் நம் தொடர்பு ஆரம்பமாகிறது. இதை மறந்து, மூட்டைக்கு விலை பேசுவதுபோல் இயந்திரத்துக்கும் விலையை மட்டும் பேசி முடிப்பவர்கள் பிறகு சிரமப்படுகிறார்கள்.

ஒரு நாள் நின்றால்

நாள் ஒன்றுக்கு 25 கார்கள், காருக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரவு 10,000 ரூபாய். ஆயிரம் ரூபாய் பெறாத ஒரு சென்சார் பழுதாகி, அது வர 12 நாள் ஆனால் 1,20,000 ரூபாய் வரவு போயிற்று. அந்த 12 நாளும் ஆட்களுக்குச் சம்பளம் உண்டு. பாங்கு வட்டி உண்டு. மின்சாரத்துக்கு நிலைக்கட்டணம் உண்டு. திரும்பிப் போன வாடிக்கையாளர் அடுத்த தெருவில் வேறு நிலையம் பார்த்துக்கொள்வார். விலையில் பேசிக் குறைத்த தொகை இந்தப் பன்னிரண்டு நாளிலேயே கரைந்துவிடலாம்.

நமக்குத் தெரிந்த வணிகர் ஒருவருக்கு இப்படி நேர்ந்தது. இயந்திரம் விற்ற டீலர் மறு ஆண்டே வேறு கம்பெனி ஏஜென்சிக்கு மாறிவிட்டார். டீலரிடம் கேட்டால், "அந்தக் கம்பெனி இப்போது எங்களிடம் இல்லை" என்றார். கம்பெனியிடம் கேட்டால், "வாங்கிய இடத்தில் கேளுங்கள்" என்றார்கள். வாரண்டி காலம் முடிய நான்கு மாதம் இருந்தும் அவருக்கு உதவ ஆள் இல்லை. காரணம், அவர் கையில் இருந்தது டீலரின் பில் மட்டுமே. கம்பெனியின் கையெழுத்திட்ட வாரண்டிக் கடிதம் இல்லை.

இயந்திரத்தில் எது பழுதாகும்?

இவ்வகை இயந்திரங்கள் பொதுவாக இரண்டு அமைப்பில் வருகின்றன. ஒன்று, கார் ஓரிடத்தில் நிற்க, பெரிய வளைவு போன்ற சட்டம் முன்னும் பின்னும் நகர்ந்து கழுவுவது. இதை ரோல் ஓவர் என்பார்கள். மற்றது, கார் சங்கிலி இழுப்பில் நகர்ந்து போகப் போக, வழியில் நிற்கும் பிரஷ்களும் குழாய்களும் கழுவுவது. இது டன்னல். பிரஷ் படாமல் நீரின் அழுத்தத்தாலும் ஷாம்பாலும் மட்டும் கழுவும் வகையும் உண்டு.

எதுவாக இருந்தாலும் பழுது வரும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றே. பிரஷ் தேயும். உயர் அழுத்தப் பம்பின் சீல் கசியும். நாசில் அடைக்கும். ஷாம்பு அளந்து விடும் சிறு பம்ப் நிற்கும். காரின் நீள உயரத்தைக் கண்டறியும் சென்சாரில் அழுக்கு படிந்தால் இயந்திரம் பாதியில் நின்றுவிடும். இவற்றையெல்லாம் உள்ளூர் மெக்கானிக்கும் எலக்ட்ரீஷியனும் ஓரளவு பார்த்துக்கொள்வார்கள். ஆனால் இயந்திரத்தின் மூளையாக இருக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியும், மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவும் பழுதானால், கம்பெனி ஆள் இல்லாமல் பெரும்பாலும் ஒன்றும் நடவாது. அதற்குள் இருக்கும் புரோகிராமுக்குக் கம்பெனிகள் பாஸ்வேர்டு போட்டு வைப்பதுண்டு. பூட்டு நம்முடையது, சாவி அவர்களுடையது என்ற நிலை.

நம் பகுதிக்கே உரிய இரண்டு தொல்லைகளையும் சொல்ல வேண்டும். ஒன்று தண்ணீர். போர்வெல் நீர் பல ஊர்களில் கடினமானது. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கப்படுகிறது. அதற்கும் மேலே போகும் கிணறுகள் நம்மிடம் உண்டு. அந்த நீரில் நாசில் அடைக்கும். காய்ந்த காரில் வெள்ளைப் புள்ளி நிற்கும். மற்றது மின்சாரம். மூன்று பேஸில் ஒன்று போனாலோ, வோல்டேஜ் ஏறி இறங்கினாலோ மோட்டாரும் டிரைவும் பாதிக்கப்படும். "நீரின் தன்மையாலும் மின்சார ஏற்ற இறக்கத்தாலும் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை" என்று பல வாரண்டிக் கடிதங்களில் சிறிய எழுத்தில் இருக்கும். அதாவது, நமக்கு அதிகம் வரக்கூடிய பழுதே வாரண்டிக்கு வெளியே நிற்கிறது.

கேட்டு வாங்க வேண்டியவை

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு கீழ்க்கண்டவற்றைக் கம்பெனியிடம் எழுத்தில் பெற வேண்டும். அட்வான்ஸ் போன பிறகு கேட்டால் நம் பேச்சுக்கு எடை குறைவு.

1. வாரண்டிக் கடிதம் கம்பெனியின் பெயரிலேயே, இயந்திரத்தின் எண்ணுடன் இருக்க வேண்டும். டீலர் மாறினாலும் பொறுப்பு கம்பெனியுடையது என்ற வரி அவசியம். வாரண்டி பில் தேதியிலிருந்து அல்லாமல், இயந்திரம் ஓட ஆரம்பித்த தேதியிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். கட்டட வேலை தாமதமானால் மூன்று மாத வாரண்டி குடோனிலேயே போய்விடும்.

2. நம் கிணற்று நீரைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்து, அந்த அறிக்கையைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். "இந்த நீருக்கு இன்ன வடிகட்டி, இன்ன சாதனம் வைத்தால் வாரண்டி செல்லும்" என்று அவர்களே எழுதித் தர வேண்டும். மின்சாரத்துக்கும் அவ்வாறே.

3. புகார் சொன்னால் எத்தனை மணி நேரத்தில் போனில் பதில், எத்தனை நாளில் ஆள் நேரில் வருவார் என்பது எண்ணால் குறிக்கப்பட வேண்டும். "விரைவில்", "இயன்றவரை" என்ற சொற்களுக்கு நீதிமன்றத்தில் அளவுகோல் இல்லை. இந்தத் தொழிலில் வியாபாரம் கூடும் நாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பார்களா என்பதையும் கேட்க வேண்டும்.

4. உதிரிபாகப் பட்டியல் விலையுடன் வேண்டும். எவை இந்தியாவில் இருப்பில் உள்ளன, எவை வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று பிரித்துக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பாகங்களில் அடிக்கடி போகக்கூடியவற்றை இயந்திரத்துடனேயே ஒரு செட் வாங்கி வைப்பது நல்லது. எத்தனை ஆண்டுக்கு உதிரிபாகம் தருவார்கள் என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள்.

5. மின் இணைப்பு வரைபடம், பி.எல்.சி. புரோகிராமின் பிரதி, பாஸ்வேர்டு ஆகியவை வேண்டும். தர மறுத்தால், கம்பெனி மூடப்பட்டாலோ துணை தருவதை நிறுத்தினாலோ அவற்றை ஒப்படைப்பதாகவாவது எழுதி வாங்க வேண்டும்.

6. நம் ஆட்கள் இருவருக்குப் பயிற்சி வேண்டும். ஒருவருக்கு மட்டும் என்றால், அவர் வேலையை விட்டுப் போகும்போது பயிற்சியும் உடன் போய்விடும்.

7. விலையில் பத்து சதவீதமாவது, இயந்திரம் ஒரு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகே தருவது என்று பேச வேண்டும். கையில் பாக்கி இருக்கும் வரை போனுக்குப் பதில் வருவது நாம் எல்லோரும் அறிந்ததே.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்

வாரண்டி முடிந்ததும் ஏ.எம்.சி. என்ற ஆண்டு ஒப்பந்தம் வரும். இதில் இரண்டு வகை உண்டு. கூலி மட்டும் சேர்ந்தது ஒன்று. கூலியும் பாகங்களும் சேர்ந்தது மற்றொன்று. இரண்டாவது வகையிலும் பிரஷ், சீல், நாசில், ஹோஸ் போன்ற தேயும் பொருட்களைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆகவே தொகையை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனில்லை. எவை சேரும், எவை சேராது, ஆண்டுக்கு எத்தனை முறை ஆள் வருவார், பயணச் செலவு யாருடையது, ஜி.எஸ்.டி. உள்ளடக்கமா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். முதல் ஆண்டு விலை பேசும்போதே, அடுத்த மூன்று ஆண்டுக்கான ஏ.எம்.சி. கட்டணத்தையும் குறித்துவிடுவது உத்தமம்.

சட்டம் நமக்கு எவ்வளவு துணை?

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "கம்பெனி வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே" என்று சொல்வதைக் கேட்கிறோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். முந்தைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே நிலைதான். ஒரு விலக்கு உண்டு: சுயதொழில் செய்து தம் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவர் நுகர்வோரே.

1995இல் உச்ச நீதிமன்றம் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் இதை விளக்கியது. கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று தயாரித்த இயந்திரத்தைப் பற்றிய வழக்கு அது. கடைசல் இயந்திரம் வாங்கித் தாமே இயக்கிப் பிழைப்பவர் நுகர்வோர்; உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டதால் அந்த உரிமை போய்விடாது என்றது நீதிமன்றம். பெரிய அளவில் லாபத்துக்காக நடத்துபவருக்கு அந்த வழி இல்லை. ஆகவே பிரஷர் பம்ப் வாங்கித் தாமே வண்டி கழுவும் இளைஞருக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்திருக்கும். எட்டு ஆள் வைத்து டன்னல் நடத்தும் நமக்கு அது திறக்கும் என்று நம்பி இருக்க முடியாது. வாரண்டி காலத்துக்குள் வரும் பழுதைப் பொறுத்தமட்டில், வணிகருடைய புகாரையும் தேசிய ஆணையம் சில வழக்குகளில் ஏற்றதுண்டு. வாரண்டிக் கடிதத்தைப் பத்திரப்படுத்த இது மேலும் ஒரு காரணம்.

மற்றபடி நமக்கு உள்ளவை 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும், சிவில் நீதிமன்றமுமே. அங்கே பேசுவது காகிதம். இயந்திரம் நின்ற ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு இழப்பீடு என்று ஒப்பந்தத்தில் தொகை குறித்திருந்தால், அந்தத் தொகைக்கு உட்பட்டு நியாயமான இழப்பீட்டைக் கேட்க ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இடம் தருகிறது.

பில்லின் அடியில் அச்சிட்டிருக்கும் "இன்ன ஊர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது" என்ற வரியையும் படிக்க வேண்டும். சேலத்து ஏஜென்சி ஒன்றுக்கும் குஜராத் கம்பெனிக்கும் நடந்த வழக்கில், அந்த வரியில் "மட்டும்" என்ற சொல் இல்லாததால் சேலத்திலும் வழக்கு நடத்தலாம் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அதையே நம்பி இருக்கக் கூடாது. "மட்டும்" என்ற சொல் இல்லாவிட்டாலும் அந்த ஊர் நீதிமன்றமே என்று பொருள் கொள்ளலாம் என 2013இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. எனவே நம் ஊர் பெயரை எழுதச் சொல்லிக் கேட்பதே வழி.

நம் கடமை

கம்பெனியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உயர் அழுத்தப் பம்புகளுக்குப் பொதுவாக முதல் 50 மணி நேரத்தில் ஆயில் மாற்றி, பிறகு 500 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். நம் பம்புக்கு உரிய கணக்கைக் கையேட்டில் பார்த்து அதன்படி செய்ய வேண்டும். கம்பெனி சொன்ன ஷாம்பைத் தவிர மலிவான வேறு சரக்கை ஊற்றினால் வாரண்டி போகலாம். தினமும் கடை அடைக்குமுன் சென்சாரைத் துடைக்கவும் நாசிலைப் பார்க்கவும் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். பேரேடு எழுதுவதுபோல் இயந்திரத்துக்கும் ஒரு நோட்டு போட்டு, ஓடிய மணி, மாற்றிய பாகம், புகார் சொன்ன தேதி, ஆள் வந்த தேதி ஆகியவற்றை எழுதி, வந்த மெக்கானிக்கிடம் கையெழுத்து வாங்க வேண்டும். புகாரைப் போனில் சொன்னாலும், உடனே எழுத்திலும் அனுப்ப வேண்டும். தகராறு என்று வந்தால் அந்த நோட்டுதான் நமக்குச் சாட்சி.

கடைசியாக ஒன்று. விலை முடிக்குமுன், அதே கம்பெனியின் இயந்திரம் இரண்டு மூன்று ஆண்டுகளாக ஓடும் நிலையம் ஒன்றுக்கு, விற்பனைப் பிரதிநிதி இல்லாமல் தனியே போய் வாருங்கள். உரிமையாளரிடம், "நின்றுபோனால் எத்தனை நாளில் வருகிறார்கள்?" என்று கேளுங்கள். ஒரே கம்பெனியின் இயந்திரத்தை ஒரே மாவட்டத்தில் நாலைந்து உறுப்பினர்கள் வாங்கினால், சேர்ந்து பேசி, உதிரிபாகங்களைப் பொதுவில் இருப்பு வைக்கச் சொல்லலாம். தனியொருவர் போன் செய்தால் தள்ளிப்போடும் கம்பெனியும், ஐந்து பேர் சேர்ந்து கேட்டால் ஆளை அனுப்பும். சங்கம் என்பது அதற்கும் சேர்த்துத்தான்.