ரசத்தில் சேர்வது எந்த ஈயம்?

“பழைய ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!” தெருவில் ஒலித்த அந்தக் குரலை நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் வரும் ‘ஈயம்’ இரண்டு உலோகங்களுக்குப் பொதுப்பெயர். வெள்ளீயம் சமையலுக்கு ஏற்றது. காரீயம் மூளையைப் பாதிக்கும் நஞ்சு.

கும்பகோணத்துக் கடைகளில் எடை போட்டு விற்கும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனதாக இருக்க வேண்டும். புளியிலும் தக்காளியிலும் இது மிகக் கொஞ்சமே கரையும். கரைந்ததும் பெரும்பாலும் உடலில் சேராமல் வெளியேறிவிடும். ஆனால், 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதனால்தான் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே பாட்டிகள் சொம்பை அடுப்பில் ஏற்றினார்கள். தண்ணீர் உள்ள வரை சொம்பின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வெறும் சொம்பை ஏற்றினால் அடி உருகி ஒழுகிவிடும். தாளிப்பைத் தனிக் கரண்டியில் செய்து கொட்டுவதும் இதனால்தான்.

பித்தளைப் பாத்திரத்துக்கும் வெள்ளீயமே காவல். பூச்சு இல்லாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் செம்பு கரைந்து களிம்பு ஏறும். ஈயம் பூசுபவர் பாத்திரத்தைக் கரி நெருப்பில் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவுவார். வெண்புகை குப்பென்று எழும். உலோகத்தின் மேலிருக்கும் ஆக்சைடு அதோடு நீங்கும். வெள்ளீயக் கட்டியை ஓர் இழுப்பு இழுத்து, பஞ்சால் சுற்றித் தேய்த்ததும் உட்புறம் கண்ணாடிபோல மின்னும்.

ஆனால், வெள்ளீயத்தைவிடக் காரீயத்தின் விலை மிகவும் குறைவு. வெள்ளீயத்தோடு உருக்கிக் கலப்பதும் எளிது. கலந்துவிட்டால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. காரீயம் புளிப்பில் கரையும். கரைந்த உப்புகள் லேசாக இனிக்கவும் செய்யும். பண்டைய ரோமானியர்கள் காரீயப் பாத்திரத்தில் திராட்சைச் சாற்றைக் காய்ச்சி இனிப்புப் பாகு தயாரித்தார்கள்.

உடலுக்குள் போன காரீயம் கால்சியம்போல வேடமிட்டு எலும்பில் குடியேறும். தாய் கருவுற்றிருக்கும்போது அங்கிருந்து இறங்கிக் கருவையும் எட்டும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் இதை நான்கைந்து மடங்கு அதிகம் உறிஞ்சும். படிப்பு, கவனம், நடத்தை என எல்லாவற்றிலும் பாதிப்பு தெரியும். பாதுகாப்பான அளவு என்று காரீயத்துக்கு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் மூன்று குழந்தைகளில் ஒன்றின் ரத்தத்தில் காரீயம் கவலைக்குரிய அளவில் இருப்பதாக யுனிசெஃப் 2020-இல் மதிப்பிட்டது.

ஈயமே பூசாத பாத்திரத்திலும் காரீயம் ஒளிந்திருக்கலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் குடியேறிய ஆப்கானிய அகதிக் குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் அதிகமாக இருந்தது. காரணத்தைத் தேடியவர்கள் அக்குடும்பங்கள் கொண்டுவந்த அலுமினியப் பாத்திரங்களையும் குக்கர்களையும் சோதித்தார்கள். மெல்லிய அமிலத்தைக் கொதிக்க வைத்தபோது பலவற்றிலிருந்து காரீயம் கசிந்தது. ஆய்வு 2022-இல் வெளியானது. பழைய அலுமினியக் கழிவை உருக்கி வார்க்கும்போது அதிலுள்ள காரீயமும் பாத்திரத்தில் சேர்ந்துவிடுகிறது. 2025-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், இறக்குமதியாகும் சில அலுமினிய, பித்தளைப் பாத்திரங்களோடு இண்டாலியம் என்னும் அலுமினியக் கலப்புலோகத்தையும் பெயர் சொல்லியே எச்சரித்தது.

அன்றாடச் சமையலுக்கு எவர்சில்வர், இரும்பு, மெருகு பூசாத மண்சட்டி ஆகியவை நல்ல தேர்வு. புளிக்குழம்பை இரும்பில் வைத்தால் கொதித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடலாம். ஊறுகாய்க்கும் புளிக்கரைசலுக்கும் கண்ணாடிப் புட்டியே போதும்.

ஈயம் பூசக் கொடுக்கும்போது கட்டியைக் காட்டச் சொல்லி, வெள்ளீயம்தானா என்று கேளுங்கள். சொம்பை நம்பகமான கடையில் ரசீதோடு வாங்குங்கள். எங்கே வார்த்தது என்று தெரியாத பழைய இண்டாலியச் சட்டி வீட்டில் இருந்தால், குழந்தைகளுக்கான சமையலை அதில் செய்வதை இன்றே நிறுத்திவிடுங்கள்.