கால் பங்கு என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

"சம்பளத்துல கால் பங்கு எப்படியும் வாங்கிடலாம், கவலப்படாத." கணவரைப் பிரிந்து பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கு வந்திருக்கும் பெண்ணுக்குச் சொந்தக்காரர்கள் தவறாமல் சொல்லும் ஆறுதல் இது. அதே கால் பங்கை நினைத்துத் தூக்கம் கெடும் தகப்பன்மாரும் உண்டு. உண்மையில், பிள்ளையின் பராமரிப்புக்கு இத்தனை விழுக்காடு என்று இந்தியச் சட்டம் எதிலும் இல்லை. 2017-இல் ஒரு வழக்கில், கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு மனைவிக்கு நியாயமான ஜீவனாம்சமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வாய்வழியாகப் பரவி, அதுவே பிள்ளைகளுக்கும் சூத்திரமாகிவிட்டது. சூத்திரம் எதுவும் இல்லை என்பதால்தான், நீதிமன்றத்தில் நீங்கள் வைக்கும் காகிதங்களுக்கு இவ்வளவு கனம்.

முதலில், எங்கே கேட்பது? எல்லா மதத்தினருக்கும் பொதுவான வழி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1-க்கு முன்பு இதுவே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்தது; நீதிமன்ற வளாகத்தில் இன்றும் "125 போட்டாச்சா?" என்று கேட்பவர்களே அதிகம். பெற்றோருக்குத் திருமணமே நடந்திருக்காவிட்டாலும் பிள்ளைக்கு இந்த உரிமை உண்டு. மணவிலக்கு பெற்ற இஸ்லாமியப் பெற்றோரின் குழந்தைகளுக்கும் உண்டு என்று 1997-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. குடும்ப நல நீதிமன்றம் உள்ள ஊரில் அங்கேயும், இல்லாத ஊரில் நீதித்துறை நடுவரிடமும் மனு போடலாம். கணவர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. தாய் இப்போது வசிக்கும் ஊரிலேயே போடலாம். இந்துத் தம்பதிகளுக்கு விவாகரத்து வழக்குக்குள்ளேயே பிள்ளைக்கான தொகையைக் கேட்கும் வழி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. பல இடத்தில் போட்டால், ஓரிடத்தில் வாங்குவதை இன்னோரிடத்தில் மறைக்கக் கூடாது. வக்கீல் வைக்கப் பணமில்லை என்பதும் தடையில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் பேசினாலும் வழி சொல்வார்கள்.

தொகை எப்படி முடிவாகிறது என்பதில் 2020 நவம்பர் 4 முக்கியமான நாள். அன்று நீதிபதிகள் இந்து மல்ஹோத்ராவும் சுபாஷ் ரெட்டியும் ரஜ்னேஷ் - நேகா வழக்கில் அளித்த தீர்ப்பைத்தான் இன்று நாடு முழுவதும் நீதிமன்றங்கள் கையில் வைத்திருக்கின்றன. அதன்படி இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். தொகை, தீர்ப்பு வந்த நாளிலிருந்து அல்ல, மனு போட்ட நாளிலிருந்தே கணக்காகும். பிள்ளையின் செலவு என்றால் சாப்பாடும் துணியும் மட்டுமல்ல. இருப்பிடம், மருத்துவம், படிப்பு, நியாயமான அளவில் டியூஷனும் சேரும். படிப்புச் செலவைப் பொதுவாகத் தகப்பன் ஏற்க வேண்டும். தாயும் போதுமான அளவு சம்பாதித்தால் வருமான விகிதத்தில் பகிர்ந்துகொள்ளலாம்.

இங்கேதான் பல தாய்மார்கள் கோட்டை விடுகிறார்கள். "மாசம் அஞ்சாயிரம் போதும் சார்" என்று வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் வேறு கதை. ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு, ஓர் எடுத்துக்காட்டாக, ஆண்டுக்குப் பள்ளிக் கட்டணம் 48,000, வேன் 18,000, சீருடை, ஷூ, நோட்டு எல்லாம் 9,000, டியூஷன் 12,000, மருத்துவம் 9,000 என்று வைப்போம். கூட்டினால் 96,000, மாதத்துக்கு 8,000. வீட்டு வாடகையில் பிள்ளையின் பங்கு, பால், சாப்பாடு, துணிமணி என்று மாதம் 7,000 சேர்த்தால் 15,000. தகப்பனின் நிகரச் சம்பளம் 50,000, தாயின் சம்பளம் 25,000 என்றால், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தகப்பன் பங்கு 10,000. ஜூன் மாதம் ஒரே மூச்சில் வரும் செலவைப் பன்னிரண்டால் வகுத்துச் சேர்க்க மறந்தவர்தான் அஞ்சாயிரத்தில் நிற்கிறார். பள்ளி ரசீது, மருந்துக் கடை பில், வேன்காரருக்கு அனுப்பிய ஜிபே விவரம் என எதையும் தூக்கிப் போடாதீர்கள். காய்ச்சல் வந்தால் லீவு போட்டுப் பிள்ளையோடு உட்காருவது யார் என்பதற்கு ரசீது கிடையாது. அதையும் வக்கீலிடம் சொல்லி மனுவில் எழுதச் சொல்லுங்கள்.

எதிர்த்தரப்பிலிருந்து வரும் வாதங்களும் பழகியவைதான். வருமான வரி, பி.எஃப். போன்ற கட்டாயப் பிடித்தங்களைக் கழித்துப் பார்ப்பார்கள். விரும்பி வாங்கிய பெர்சனல் லோன் தவணையைக் காட்டி 'கையில் ஒன்றுமில்லை' என்பது பெரும்பாலும் எடுபடாது. சொந்தக் கடை வைத்திருப்பவர் ஐ.டி. ரிட்டர்னில் ஆண்டு வருமானம் 3 லட்சம் என்று காட்டியிருப்பார். வாசலில் நிற்பதோ புதுக் கார். அப்போது வங்கிக் கணக்கு விவரம், ஜி.எஸ்.டி. கணக்கு, காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்லி நீதிமன்றத்திடம் கேட்கலாம். 'வேலையே இல்லை' என்றால்? உடல் திடமுள்ள ஆண் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிரமாணப் பத்திரத்தில் பொய் சொன்னால் அது தனி வழக்கு.

ஆணை வந்துவிட்டது, மாதம் 8,000 என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குப் போகும். ஆணையில் உள்ள தொகை மட்டும் அங்கேயே நிற்கும். விலைவாசியைப் பார்த்து அது தானாக ஏறாது. சூழ்நிலை மாறியதை நிரூபித்து 146-ஆம் பிரிவின்படி (பழைய 127) மாற்றக் கேட்க வேண்டும். பள்ளி மாறியது, நீண்டநாள் வைத்தியம் தேவைப்படுவது, தகப்பனுக்குப் பதவி உயர்வு எல்லாம் உயர்த்தக் காரணங்கள். தகப்பனுக்கு வேலை போனது, பெரிய நோய் வந்தது, தாய்க்கு நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்தது ஆகியவை குறைக்கக் காரணமாகலாம். தாய் மறுமணம் செய்துகொண்டாலும் பிள்ளை மீதான தகப்பனின் பொறுப்பு போவதில்லை. தகப்பன் மறுமணம் செய்தாலும் அப்படியே.

வேலை போன தகப்பன்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பணம் கட்டுவதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடாதீர்கள். அடுத்த வாரமே குறைக்கச் சொல்லி மனு போடுங்கள். ஆணை மாறும்வரை பழைய தொகை மாதாமாதம் பாக்கியாக ஏறிக்கொண்டிருக்கும். கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்கில் போடுங்கள். பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த சைக்கிளை அந்த மாதக் கணக்கில் கழிக்க முடியாது. 'பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் கட்டவில்லை' என்பதும், 'கட்டவில்லை, அதனால் காட்டவில்லை' என்பதும் இரண்டுமே தப்பு. பார்க்கும் உரிமைக்குத் தனி மனு இருக்கிறது.

பாக்கி வசூலில் ஒரு குழி உண்டு. 144-இன்படி, தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட்டால்தான் அந்தத் தொகைக்கு வாரண்ட் கிடைக்கும். 'பாவம், கஷ்டத்துல இருக்காரு' என்று மூன்று வருடம் பொறுத்திருந்தவர், அந்த வழியில் கடைசிப் பன்னிரண்டு மாதத்தைத்தான் வசூலிக்க முடியும். இரண்டு மூன்று மாதம் நின்றாலே மனு போட்டுவிடுவது நல்லது. போதிய காரணமின்றிக் கட்டாமல் இருந்தால், வாரண்ட் நிறைவேறிய பிறகும் பாக்கியுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. உள்ளே போய் வந்தால் கடன் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தீராது என்று 1989-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிவில் தீர்ப்பாக இருந்தால் சம்பளத்தையே ஜப்தி செய்யலாம். சாதாரணக் கடனைப் போலன்றி, ஜீவனாம்சத் தீர்ப்புக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும்தான் பாதுகாப்பு.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஸ்டாம்ப் பேப்பரில் 'மொத்தமாக இரண்டு லட்சம், இனி பிள்ளைக்கும் எதுவும் கேட்க மாட்டேன்' என்று எழுதி வாங்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. தாய் தன் பங்கை விட்டுக்கொடுக்கலாம். பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. அப்படி எழுதிக் கொடுத்தவரும் பிள்ளைக்காக மனு போடலாம். பரஸ்பர சம்மத விவாகரத்து என்றால், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தொகை இவ்வளவு உயரும், பள்ளிக் கட்டணத்தை நேராகப் பள்ளிக்கே கட்ட வேண்டும், கல்லூரிச் செலவு இன்னார் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கல்லூரியைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், 144-இன்படியான உரிமை பொதுவாக 18 வயதோடு முடிகிறது; உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத பிள்ளைகளுக்கு மட்டும் அதற்குப் பிறகும் தொடரும். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டிய நேரத்தில் பராமரிப்புத் தொகையை நிறுத்தும் சட்டம், குடும்பம் நடத்தியவர் எழுதியதாகத் தெரியவில்லை. இந்துப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு கைகொடுக்கிறது. தன் வருமானத்தில் வாழ முடியாத மகளுக்குத் திருமணம் ஆகும்வரை உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 18 வயது முடிந்த மகள் அந்த வழக்கைத் தன் பெயரிலேயே போடலாம். அம்மா கையெழுத்துத் தேவையில்லை.