கம்ப்யூட்டர் காட்டிய கணக்கும் சிறைக்குப் போனவர்களும்

சிக்னல் விளக்கு பழுது என்று யாரும் நிரூபிக்காத வரை, அது ஒழுங்காகவே எரிந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். 1964-இல் இங்கிலாந்து நீதிபதி டென்னிங் ஒரு விபத்து வழக்கில் இப்படித்தான் சொன்னார். பொதுச் சட்டத்தில் வேரூன்றிய அனுமானம் இது. சிக்னலுக்குப் பொருந்தும், கெட்டுப்போனால் தெருவுக்கே தெரிந்துவிடும். மென்பொருளோ ஆயிரம் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, அடுத்ததில் சத்தமில்லாமல் பிசகும்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதை உணராமல் இல்லை. குற்ற வழக்கில் கம்ப்யூட்டர் ஆவணத்தைக் காட்டுபவரே அந்தக் கருவி சரியாக இயங்கியது என நிறுவவேண்டும் என்று 1984-இல் சட்டம் போட்டது. வழக்கு நடத்துவோருக்கு அது வீண் சுமையாகத் தெரிந்தது. 1999-இல் இயற்றிய சட்டம் அந்தப் பிரிவை நீக்கியது. பழைய அனுமானம் திரும்பிவந்தது.

காலப்பொருத்தம் கொடுமையானது. பிரிட்டன் அஞ்சலகங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் நுழைந்ததும் அப்போதுதான். பணம் குறைகிறது என்று அது காட்ட, ஒப்பந்த அடிப்படையில் கிளை நடத்தியவர்கள்மேல் திருட்டு, பொய்க்கணக்கு வழக்குகள் பாய்ந்தன. 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றார்கள். சிலர் சிறை சென்றார்கள். மென்பொருளில் பிழை என்று காட்டவேண்டியவர் கிளைக்காரர். காட்ட உதவும் பதிவுகள் இருந்ததோ அஞ்சல் நிறுவனத்திடமும், மென்பொருளைத் தந்த ஃபுஜிட்சுவிடமும். கையில் சாவி இல்லாதவனிடம் பெட்டியைத் திறந்துகாட்டச் சொன்ன கதைதான்.

ஹொரைசனில் பிழைகள் இருந்தன என்று 2019-இல் நீதிபதி ஃப்ரேசர் தீர்ப்பளித்தார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்துசெய்தது. ஒவ்வொரு வழக்காகப் பார்த்தால் ஆயுசு போதாது என்பதால், 2024-இல் தனிச் சட்டமே போட்டு மற்றவர்களில் பெரும்பாலோரை மொத்தமாக விடுவித்தார்கள்.

இந்தியாவில் நிலைமை வேறு. மின்னணு ஆவணங்களைச் சாட்சியமாக ஏற்பதற்காக 2000-இல் சாட்சியச் சட்டத்தில் சேர்ந்த 65பி பிரிவு, பிரிட்டனின் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. மூலத்தை அவர்கள் கைவிட்ட பிறகும் நாம் வைத்துக்கொண்டோம். இந்தப் பிடிவாதம் நல்லதுதான். மின்னணு ஆவணத்தின் நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சாட்சியச் சட்டத்தின் இடத்தில் இன்று இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு, அந்தச் சான்றிதழில் ஒரு நிபுணரும் கையெழுத்திட்டு, கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் குறிக்கவேண்டும் என்கிறது. ஹாஷ் எடுத்த பிறகு கோப்பில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அந்த மதிப்பு சாட்சி. அதற்கு முன்பே மென்பொருள் கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தால், தப்பான அந்தக் கோப்புக்கும் ஹாஷ் பிசகாமல் பொருந்தும்.