பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

மாலை நாலரை மணிக்கு மேல் தமிழ்நாட்டின் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டியும் அந்த வண்டி வந்து நிற்கும். பெரிய அலுமினியப் பாத்திரத்தில் சோறு, அதன்மேல் துணி. மதியமே முக்கால் பதத்தில் வடித்து, உதிரி உதிரியாக நிற்கட்டும் என்று எண்ணெய் தெளித்து ஆறவிட்ட சோறு அது. சூட்டோடு சட்டியில் போட்டால் குழைந்துவிடும் என்பது எந்த மாஸ்டருக்கும் தெரியும். பக்கத்தில் பொடியாக அரிந்த கோஸ், கேரட். செக்கச்செவேல் என்று மசாலாவில் ஊறும் சிக்கன். முட்டை அட்டை. சோயா சாஸ், சில்லி சாஸ், வினிகர் பாட்டில்கள். ஆறு மணிக்கு இரும்புச் சட்டியில் கரண்டி தட்டத் தொடங்கினால் பதினொன்று வரை ஓயாது.

பர்கரும் பீட்சாவும் மால்களில் இருக்கட்டும். நம் ஊரில் ஃபாஸ்ட் ஃபுட் என்றால் பெரும்பாலானோருக்கு இந்த வண்டிதான். எண்பது, நூறு ரூபாய்க்குள் வயிறு நிறைகிறது. வேலை முடிந்து வருகிறவரும் விடுதி மாணவரும் இதை நம்பித்தான் இரவைக் கழிக்கிறார்கள். அவர்களில் கொஞ்சம் விவரமானவர்கள் மாஸ்டரிடம் தவறாமல் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: “அண்ணே, அஜினோமோட்டோ மட்டும் போடாதீங்க.”

சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். சிக்கல் அந்த நிம்மதியில்தான் இருக்கிறது.

அஜினோமோட்டோ என்பது ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் பெயர். பொருளின் பெயர் மோனோசோடியம் குளூட்டமேட். கொம்பு என்கிற கடற்பாசியை வேகவைத்த சாறு ஏன் அவ்வளவு ருசிக்கிறது என்று ஆராய்ந்த கிகுனே இகெடா என்ற ஜப்பானிய வேதியியலாளர், 1908இல் அதைப் பிரித்தெடுத்தார். தக்காளியிலும் காளானிலும் தாய்ப்பாலிலும்கூட இயற்கையாக இருக்கும் குளூட்டமேட்தான் இது. 1968இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான வாசகர் கடிதம் இதன் தலையெழுத்தை மாற்றியது. சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது, படபடக்கிறது என்று ஒரு மருத்துவர் எழுதியிருந்தார். காரணமாக இருக்கலாம் என்று அவர் சந்தேகித்தவற்றில் இதுவும் ஒன்று, அவ்வளவுதான். பிறகு, யாருக்கு எதைக் கொடுக்கிறோம் என்பது இரு தரப்புக்கும் தெரியாமல் செய்த பரிசோதனைகளில் அந்தப் புகார் சீராக நிரூபணமாகவே இல்லை. வெறும் வயிற்றில் மிக அதிகமாக உட்கொண்ட சிலருக்குத் தற்காலிகமாகத் தலைவலி வந்ததுண்டு. பச்சைக் குழந்தைகளின் உணவில் சேர்க்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. மற்றபடி, அரை நூற்றாண்டாக அது சுமக்கும் பழி அதன் தகுதிக்கு மீறியது.

அந்தப் பழியின் மறைவில் தப்பித்துக்கொள்வது உப்பு. சமையல் உப்பில் சோடியம் 39 சதவீதம், அஜினோமோட்டோவில் 12தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சேர்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியர்கள் சராசரியாக 8 கிராம் அளவில் சாப்பிடுகிறார்கள். மாஸ்டரின் கையைக் கவனித்தால் கணக்கு புரியும். சோற்றில் ஏற்கெனவே உப்பு. சட்டியில் ஒரு சிட்டிகை. சிக்கன் மசாலாவில் தனியாக உப்பு. அதற்கு மேல் சோயா சாஸ். பொதுவாக ஒரு மேசைக்கரண்டி சாஸிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். தொட்டுக்கொள்ளும் கிரேவியிலும் சாஸ்தான். ஒரே ஒரு தட்டில் அன்றைய வரம்பு முழுவதையும் தொட்டுவிடுவது பெரிய காரியமில்லை. உப்பு கரிக்கிறது என்று நாக்கும் சொல்லாது, ஏனென்றால் வினிகரும் சர்க்கரை சேர்ந்த சில்லி சாஸும் அதை மறைத்துவிடுகின்றன. உயர் ரத்த அழுத்தம் இப்படித்தான் அறிகுறி காட்டாமல் சேர்கிறது. பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு என்று பல வருடம் கழித்து வெளியே வருகிறது.

உப்பாவது மெதுவாகத்தான் வேலை செய்யும். துணி மூடிய அந்தச் சோற்றுக்கு ஓர் இரவே போதும்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சாதாரணமாகவே ஒட்டியிருக்கும். அவை மண்ணிலிருந்து வருபவை. சோறு கொதிக்கும்போது மற்ற கிருமிகள் சாகும். இந்த வித்துகள் தாங்கி நிற்கும். சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி, செரியுலைட் என்ற நச்சை உருவாக்கும். 120 டிகிரி சூட்டைக்கூடத் தாங்கும் நச்சு அது. ‘அதான் நெருப்பு மேல போட்டுப் புரட்டி எடுக்கிறாரே, எல்லாம் செத்துடும்’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. கிருமி சாகலாம், அது விட்டுச்சென்ற விஷம் அப்படியே இருக்கும். சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி பிடித்துக்கொள்ளும். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில், மொத்தமாக வடித்து அறைச் சூட்டில் வைத்திருந்த சோற்றில் ஃபிரைடு ரைஸ் செய்து விற்ற உணவகங்களின் வாடிக்கையாளர்களிடம்தான் இது முதலில் அடையாளம் காணப்பட்டது. பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். ஆனால் 2008இல் பெல்ஜியத்தில், சமைத்து ஐந்து நாள் வெளியிலேயே கிடந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்ட 20 வயது மாணவர் ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தே போனார்.

அப்படியானால் பழைய சோறு? கேள்வி நியாயமானது. நீர் ஊற்றிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பை ஏற்றுகின்றன. அந்தப் புளிப்பில் பேசில்லஸ் தழைப்பது கடினம். எண்ணெய் தடவி உலர்வாகக் கிடக்கும் ஃபிரைடு ரைஸ் சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது.

ஷவர்மாவின் கதை செய்திகளில் அடிபட்ட ஒன்று. 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களிடம் ஷிகெல்லா கிருமி உறுதியானது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஒரு கடையில் ஷவர்மா வாங்கிச் சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். அதே கடையில் சாப்பிட்ட நாற்பதுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். இரண்டு ஊரிலும் மறுநாளே கடைகளில் சோதனை, பறிமுதல், அபராதம். கொஞ்ச நாள் கழித்துப் பழையபடி வியாபாரம்.

இதில் தவறு நடக்கும் இடம் அந்தக் கம்பிதான். செங்குத்துக் கம்பியில் அடுக்கடுக்காகக் குத்திய கறி சுழலும்போது வெளிப்புறம் மட்டும் வெந்து சிவக்கும்; உட்புறம் இளஞ்சூட்டில் நின்றுகொண்டிருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடு கிருமிகளுக்குக் கல்யாண விருந்து. கூட்டம் குறைவாக இருந்தால் வெந்த பகுதியை மட்டும் சீவி எடுத்துக்கொண்டே இருப்பார்கள், சேதமில்லை. கூட்டம் அலைமோதும்போதுதான் அவசரம், வேகாத அடுக்கு வரை கத்தி போய்விடும். நெரிசல் உள்ள கடையில் சரக்கு தங்காது, அதனால் பாதுகாப்பு என்ற நம் வழக்கமான கணக்கு ஷவர்மாவில் தலைகீழாகிறது. மிச்சக் கறியைக் கம்பியோடு மறுநாளுக்கு எடுத்து வைப்பது அதைவிட மோசம்.

அதன் மேல் தடவும் மயோனைஸ் இன்னொரு வழி. பச்சை முட்டையை எண்ணெயோடு அடித்துச் செய்வது அது. சால்மோனெல்லா இருந்தால் அதைக் கொல்ல அடுப்பே கிடையாது. கேரளம் 2023 ஜனவரியில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை போட்டது. தெலங்கானா 2024 அக்டோபர் இறுதியில் தடுத்தது. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது.

இனி எண்ணெய். சிக்கன் 65 பொரியும் சட்டியைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். புது எண்ணெயில் குமிழி பெரிதாக வந்து உடனே உடையும். பல தடவை கொதித்த எண்ணெயில் நுரை பொங்கி அடங்காமல் நிற்கும், நிறம் கறுத்திருக்கும், சட்டி ஓரத்தில் பிசின் போல ஒட்டும். காற்றும் ஈரமும் 180 டிகிரி சூடும் சேர்ந்து எண்ணெயை உடைப்பதன் அடையாளங்கள் இவை. அப்போது உண்டாகும் துருவச் சேர்மங்கள் எண்ணெயில் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலை முதல் இந்தியாவில் சட்டமே இருக்கிறது. முடிந்தவரை மறுபடி பயன்படுத்தாதீர்கள், பயன்படுத்தினாலும் மூன்று தடவைக்கு மேல் வேண்டாம் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை. திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெயைத் தின்ற எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியதை மலேசிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் பெரிய கடைகள் எண்ணெய்க் கணக்கு எழுதி வைக்க வேண்டும், பழையதைப் பயோடீசல் தயாரிப்பாளர்களிடம் ஒப்படைக்க வேண்டும். தள்ளுவண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பெரிய கடை கழிக்கும் எண்ணெய் குறைந்த விலைக்குச் சிறிய கடைச் சட்டிக்கு வந்து சேரும் புழக்கம் அதிகாரிகளுக்கும் தெரிந்ததுதான். பாமாயில் விலை ஏறும்போதெல்லாம் நூறு ரூபாய்த் தட்டை நூற்றிருபது ஆக்க முடியாத கடைக்காரர், எண்ணெய் மாற்றும் நாளைத் தள்ளிப்போடுகிறார். அவரை வில்லனாக்குவது சுலபம். மலிவாகவே வேண்டும் என்று கேட்கும் நாமும் அந்தக் கணக்கில் இருக்கிறோம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 1937 முதல் டால்டாவாக நம் அடுப்படிக்குள் வந்த வனஸ்பதியில் மாறுபக்கக் கொழுப்பு, அதாவது டிரான்ஸ் ஃபேட், மிகுந்திருந்தது. கெட்ட கொழுப்பை ஏற்றி நல்ல கொழுப்பை இறக்கும் இரட்டைத் தீமை அது. 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் அதன் அளவு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சட்டம் நினைத்தால் முடியும்.

பரோட்டாவுக்கும் ஒரு வாட்ஸ்அப் பழி இருக்கிறது: மைதாவில் அலாக்ஸான் இருக்கிறது, அது சர்க்கரை நோய் வரவழைக்கும் என்று. ஆய்வகத்தில் எலிக்கு நீரிழிவு வரவழைக்க அலாக்ஸானை ஊசியில் ஏற்றுவது உண்மை. மைதா சாப்பிட்ட மனிதருக்கு அதனால் நோய் வந்ததற்கு ஆதாரமில்லை. பரோட்டாவைக் குறை சொல்ல ரசாயனமே தேவையில்லை. தவிடு நீக்கிய மாவு, நார்ச்சத்து சொற்பம், மாவு பிசையவும் வீசவும் சுடவும் எண்ணெய், மேலே சால்னா. நான்கு பரோட்டா இறங்கியதே தெரியாது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இதற்கு மூன்று வேளை வெள்ளைச் சோறும், உட்கார்ந்தே பார்க்கும் வேலையும், பரம்பரையும் பொறுப்பு. ஃபாஸ்ட் ஃபுட் மேல் மட்டும் எழுதிவிட முடியாது.

ஏன் தெரியாமலே நிறையச் சாப்பிடுகிறோம் என்பதை அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். 20 பேரை நான்கு வாரம் ஒரே இடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல் உணவு தந்தார். பரிமாறிய கலோரி, சர்க்கரை, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவின்போது நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடை 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. 2019இல் வெளியான இந்த ஆய்வில் கண்ணில் பட்ட இன்னொன்று: அந்த உணவை அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள். மெல்ல வேலையில்லாத பன்னும் நூடுல்ஸும், வயிறு போதும் என்று சொல்வதற்குள் உள்ளே போய்விடுகின்றன. கூடவே 300 மில்லி கூல் டிரிங்ஸ் என்றால் அதில் மட்டும் சுமார் 30 கிராம் சர்க்கரை.

வண்டிக் கடையை விட்டுவிட முடியாதவர்கள் செய்யக் கூடியது சில உண்டு. பச்சைச் சிக்கனை வெட்டிய பலகையிலேயே கோஸ் அரிகிறாரா, பணம் வாங்கிய கை அப்படியே சோற்றுக்குள் போகிறதா என்று பார்க்கலாம். நுரை அடங்காத எண்ணெய் என்றால் பொரித்த அயிட்டத்தைத் தவிர்த்து முட்டை ரைஸோடு நிறுத்திக்கொள்ளலாம். இரத்தச் சிவப்பில் இருக்கும் சிக்கனைத் தொட வேண்டாம். அந்தச் செயற்கை நிறத்துக்கு இறைச்சியில் அனுமதியே இல்லை. “சாஸ் கம்மியா போடுங்கண்ணே” என்று கேட்டால் எந்த மாஸ்டரும் கோபித்துக்கொள்வதில்லை.

பார்சல் வாங்கினால் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மிச்சமானதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். இரவெல்லாம் மேசைமேல் கிடந்த ஃபிரைடு ரைஸைக் காலையில் சூடு பண்ணிப் பிள்ளையின் டிஃபன் பாக்ஸில் அடைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் பொட்டலம் குப்பைக்குத்தான் போக வேண்டும்.