வீட்டின் தாய்ப்பத்திரம்

விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூர் மலைநாதர் கோயிலில் பாகுபலியும் பார்சுவநாதரும் அம்பிகா யட்சியும் பாறையிலேயே நிற்கிறார்கள். சிற்பத்தைப் பார்த்தே அதன் காலத்தைக் கணிக்க முடிகிறது. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடமும் இவ்வூரில்தான் இருக்கிறது. ஆனால் இங்குள்ள சமண நயினார் குடும்பம் ஒன்றின் பழைய வீட்டின் வயதைக் கேட்டால், "தாத்தா காலத்து வீடு" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

தேடத் தொடங்குகிறவர்கள் முதலில் பட்டாவைத்தான் எடுக்கிறார்கள். அதில் அதிகம் கிடைக்காது. பழைய செட்டில்மென்ட் பதிவேடுகளில் குடியிருப்புகள் 'கிராம நத்தம்' என்று மொத்தமாகவே இருக்கும். நத்தத்தை வீடுவீடாக அளந்து பட்டா கொடுக்கும் வேலை 1980களின் இறுதியில்தான் சூடுபிடித்தது.

ஆகவே பத்திரத்தைப் பிடிக்க வேண்டும். கையிலிருக்கும் பத்திரத்திலேயே முந்தைய பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் எழுதியிருக்கும். அதை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். இப்படித் தாய்ப்பத்திரம்வரை படிப்படியாகப் பின்னால் போகலாம். விழுப்புரம் மாவட்டம் பிறந்தது 1993-இல். அதற்கு முந்தைய ஆவணங்களில் தென்னார்க்காடு ஜில்லா என்றே இருக்கும். தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் கவனம் தேவை. பிரமோதூத என்றால் 1930-ஆகவும் இருக்கலாம், 1870-ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

என்னைக் கேட்டால், கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரமே பெரிய புதையல். விற்பவருக்கு நான்கெல்லை போதும். அண்ணன் தம்பிகள் பிரியும்போதோ திண்ணையில் ஆரம்பித்துக் கூடம், முற்றம், நெற்குதிர், கொல்லைக் கதவு என்று எல்லாம் வந்துவிடும். கிணற்றில் யாருக்குத் தண்ணீர் எடுக்கும் பாத்தியம், எந்தச் சுவர் பொதுச்சுவர், மழைநீர் யார் பக்கம் விழ வேண்டும் என்பதும் வரும். இடிந்துபோன வீட்டைக்கூட அந்தத் தாளிலிருந்து வரைந்துவிடலாம். பரணிலிருக்கும் ஏட்டுச்சுவடிகளையும் விட்டுவிடக் கூடாது. நூலைப் படியெடுத்துத் தானம் செய்வதைச் சமணர்கள் புண்ணியமாகக் கருதினார்கள். சுவடியின் கடைசி ஏட்டில் எழுதியவர் பெயர், ஊர், நாள் இருந்தால் குடும்பத்துக்கே ஒரு தடயம் கிடைக்கும்.

ஒரு குறை மட்டும் மனதை உறுத்துகிறது. பழைய பத்திரங்களில் மகள்களைப் பார்ப்பது அரிது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கு மணமாகாத மகளுக்குத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் வந்ததே 1989-இல்தான். வீட்டில் பிறந்து வெளியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அத்தைகள், வீடூரிலிருந்தும் பெருமண்டூரிலிருந்தும் மருமகளாக வந்த பாட்டிகள் ஆகியோரின் கதை எந்த அலுவலகத்திலும் பதிவாகவில்லை. அதனால் நகலுக்கு மனுப்போடும் முன்பே அவர்களிடம் போய் உட்கார வேண்டும். எந்த அறையில் யார் பிறந்தார்கள், அடுப்பங்கரை எப்போது இடம் மாறியது, எந்த வருஷம் கூரை ஓடாயிற்று என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.