ஓவியத்திற்கு முந்திய கோடுகள்

நம் கத்தோலிக்க இல்லங்கள் பலவற்றில் ஆண்டவரின் இறுதி இராவுணவுப் படம் சுவரை அலங்கரிக்கின்றது. மிலான் நகரில் தொமினிக்கன் துறவிகளின் உணவறைச் சுவரில் லியொனார்தோ தா வின்சி 1495க்கும் 1498க்கும் இடையே தீட்டிய ஓவியத்தின் நகலே அது. அதன்மீது ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். கூரை விட்டங்களையும், பக்கச் சுவர்த் திரைகளின் மேல்விளிம்புகளையும் நீட்டினால், அவை யாவும் ஆண்டவரின் திருத்தலையில் வந்து கூடும். நகலெடுத்தவர் இக்கணக்கை அறியாதவராயின் கோடுகள் சிதறும். பார்ப்பவர் கண்ணும் அலையும்.

இது தற்செயலன்று. மூல ஓவியத்தில் ஆண்டவரின் வலப்பக்க நெற்றிப்பொட்டில் சிறியதோர் ஆணித்துளை காணப்படுகின்றது. அங்கு ஆணியடித்து, நூல் கட்டி இழுத்தே கோடுகளைக் குறித்தனர் என்பது ஆய்வாளர் கருத்து.

வேலூரிலிருந்து அமிர்திக்கு வரும் சாலை நேராக ஓடும் ஓரிடத்தில் நின்று சவ்வாது மலையை நோக்கினால், சாலையின் இரு ஓரங்களும் நெருங்கி ஒரு புள்ளியில் மறைவது போலத் தோன்றுமன்றோ? அத்தோற்றத்தைத் தாளில் கணக்காக வரையும் முறையை, பாப்பரசரின் அலுவலகத்தில் எழுத்தராயிருந்த அல்பெர்ட்டி 1435இல் நூலாக எழுதினார். முதலில் கண்மட்டத்தில் ஒரு கோடு. அதில் ஒரு புள்ளி. பின்னர்த் தரையைக் கட்டங்களாகப் பிரித்து, கோடுகளை அப்புள்ளிக்கு இழுக்க வேண்டும். குறுக்குக் கோடுகள் தொலைவு செல்லச் செல்ல நெருங்கும். முன்னே நிற்பவர் மூன்று கட்ட அகல உயரமெனில், பின்னே நிற்பவரும் அவ்விடத்துக் கட்டத்தில் மூன்று அகலமே. தரையே அளவுகோலாகிவிடுகின்றது!

இம்முறைக்குச் சிறந்த சான்று, 1481இல் பிளாரன்ஸ் நகருக்கு வெளியே வாழ்ந்த அகுஸ்தீன் சபைத் துறவிகள் கேட்ட மூவரசர் படத்திற்காக லியொனார்தோ வரைந்த முன்வரைவு. ஒரு சாண் உயரமும் இல்லாத தாள்! அதில் நெருக்கமான தரைக்கோடுகள், இடிந்த மண்டபம், படிக்கட்டுகள், பாய்ந்தெழும் குதிரைகள், படுத்திருக்கும் ஓர் ஒட்டகம் ஆகியன உள்ளன. திருக்குழந்தையோ அன்னை மரியாளோ அதில் இல்லை. பின்னணிக்கு மட்டும் இத்தனை உழைப்பு! பெரிய ஓவியத்திலோ அந்தத் தரைக்கட்டங்கள் மறைந்துவிட்டன. படிக்கட்டுகளும் இடிபாடுகளும் மட்டும் தூரத்தில் தத்தம் இடத்தில் உறுதியாக நிற்கின்றன. முன்னே, அன்னையைச் சூழ்ந்து பெருங்கூட்டம் மண்டியிட்டு நெருங்குகின்றது.

இத்துணை திட்டமிட்டவர் படத்தை முடிக்கவில்லை என்பது வியப்பே. அதை அரைகுறையாக விட்டு அவர் மிலானுக்குச் சென்றுவிட்டார். துறவிகளுக்கு 1496இல் பிலிப்பினோ லிப்பி வேறொரு மூவரசர் படம் தீட்டிக் கொடுத்தார். அப்படமும், முற்றுப்பெறாத ஓவியமும், அச்சிறு தாளும் இன்று பிளாரன்ஸ் உப்பிட்ஸி கலைக்கூடத்திலேயே பாதுகாக்கப்படுகின்றன.